சூட்டைக் கண்ட கலமும் தரையைத் தொட்ட கலமும்

2024 ஜூன் 23 அன்று கர்நாடகத்தின் சித்ரதுர்காவில் உள்ள வானூர்திச் சோதனைத் திடலில் இஸ்ரோவின் 'புஷ்பக்' என்னும் ஆளில்லா இறக்கைக் கலம் மூன்றாவது முறையாகத் தானாகவே ஓடுபாதையில் இறங்கியது. அந்தச் செய்தியில் பெரும்பாலோர் கண்ணில் பட்டவை பாராசூட் விரிந்த படமும், மணிக்கு 320 கிலோமீட்டரைத் தாண்டிய தரையிறங்கு வேகமும்தான். என்னை நிறுத்தியது இஸ்ரோவின் அறிக்கையில் இருந்த வேறொரு வரி. மார்ச் 22 அன்று நடந்த இரண்டாம் சோதனையில் பறந்த அதே இறக்கை உடலும் அதே பறப்புக் கருவிகளும் எந்த மாற்றமும் செய்யப்படாமல் இந்த முறையும் பயன்படுத்தப்பட்டன என்று அது சொன்னது. ஒரு கலம் பத்திரமாக இறங்குவது, அது மீண்டும் பயன்படக்கூடியது என்பதற்குப் பாதி ஆதாரம் மட்டுமே. இறங்கிய கலம் மூன்று மாதத்தில் மாற்றமின்றித் திரும்பவும் பறந்தது என்பது மீதிப் பாதி. அதனால்தான் வேகத்தையும் பாராசூட்டையும் விட அந்த வரியை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்த வரியோடு சேர்த்து இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். சித்ரதுர்காவில் மும்முறை இறங்கிய கலம் விண்வெளிக்குப் போய் வந்ததல்ல. ஹெலிகாப்டர் தூக்கிச் சென்று விட்ட உயரத்திலிருந்து, வெறும் 4.5 கிலோமீட்டரிலிருந்து, இறங்கியது. இதற்கு முன்பு 2016 மே 23 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட்டில் ஏறி, ஒலியைப் போல் ஐந்து மடங்கு வேகத்தில் வளிமண்டலத்துக்குள் திரும்பி நுழைந்த கலம் வேறு. அது ஓடுபாதைக்கு வரவில்லை. வங்காள விரிகுடாவில், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சுமார் 450 கிலோமீட்டர் தள்ளி, கடலில் விழுவதாகவே திட்டமிடப்பட்டிருந்தது, அப்படியே விழுந்தது. ஆக, நம்மிடம் சூட்டைக் கண்ட கலம் திரும்பக் கிடைக்கவில்லை. திரும்பக் கிடைத்த கலம் சூட்டைக் காணவில்லை. இந்த இரண்டையும் ஒரே உடலில் சேர்ப்பதுதான் ஆளில்லா விண்விமானத்தின் மொத்தச் சிக்கலும் என்பது என் எண்ணம். இதற்கு முன் இந்த வழியில் போன நாடுகளின் கதையைப் பார்த்தாலும் அதுவே தெரிகிறது.

முதலில் அந்தச் சூட்டின் அளவைச் சொல்லிவிடுகிறேன். பூமியைத் தாழ்வான பாதையில் சுற்றும் எந்தப் பொருளும் நொடிக்கு ஏறத்தாழ 7.8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். தரைக்கு வர வேண்டுமானால் அந்த வேகம் முழுவதையும் காற்றில் உரசித்தான் தொலைக்க வேண்டும், ஏனென்றால் எதிர்த்திசையில் ராக்கெட்டை எரித்து நிறுத்துவதற்கு ஏறும்போது செலவானதற்கு இணையான எரிபொருள் வேண்டும். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 2016-இல் நம் கலம் எட்டிய ஐந்து மடங்கு ஒலிவேகம் என்பது அந்த உயரத்தில் நொடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதல். வேகத்தில் ஐந்து மடங்கு வித்தியாசம் என்றால் ஒவ்வொரு கிலோ எடைக்கும் கரைக்க வேண்டிய ஆற்றலில் இருபத்தைந்து மடங்கு வித்தியாசம். கலத்தின் மூக்கிலும் இறக்கையின் முன்விளிம்பிலும் வெப்பம் பாயும் வீதம் இதையும் விடச் செங்குத்தாக ஏறும். ஆகவே 2016-இன் சோதனையைச் சுற்றுப்பாதையிலிருந்து திரும்புவதன் சிறிய மாதிரி என்று எடுத்துக்கொள்வது சரியல்ல. அது அதி ஒலிவேகத்தில் கலத்தின் காற்றியக்கம், வழிகாட்டல், கட்டுப்பாடு, வெப்பக் காப்பு ஆகியவற்றைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்த சோதனை. அந்த வகையில் அது முழு வெற்றி.

அந்தப் பறப்பை இன்றைக்குப் படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. ஆறரை மீட்டர் நீளமும் 1.75 டன் எடையும் கொண்ட கலத்தை ஒன்பது டன் திட எரிபொருள் கொண்ட ஒரு ராக்கெட்டின் உச்சியில் செங்குத்தாகப் பொருத்தினார்கள். இறக்கையுள்ள ஒன்றை ராக்கெட்டின் தலையில் திறந்தபடி வைத்தால், அடர்ந்த காற்றில் மேலே போகும்போது அந்த இறக்கைகள் ராக்கெட்டையே வளைக்கப் பார்க்கும். அதனால் வழக்கத்தைவிட மெதுவாக எரியும்படி அந்த ராக்கெட்டைத் தனியாக வடிவமைத்தார்கள். காலை ஏழு மணிக்குக் கிளம்பி, 91 நொடிகள் எரிந்து, 56 கிலோமீட்டர் உயரத்தில் கலம் பிரிந்து, 65 கிலோமீட்டர் வரை தானாக ஏறி, பிறகு கீழ்நோக்கித் திரும்பியது. மொத்தம் 770 நொடிகளில் எல்லாம் முடிந்தது.

இப்படிச் சூட்டை ஒரு கலத்திலும் இறக்கத்தை இன்னொரு கலத்திலும் பிரித்துச் சோதிப்பது இந்தியா கண்டுபிடித்த வழியல்ல. ஜப்பான் 1996-ஆம் ஆண்டு ஒன்றிலேயே இரண்டையும் செய்துகாட்டியது. அந்த ஆண்டு பிப்ரவரி 12 அன்று தனெகாஷிமாவிலிருந்து ஜே-1 ராக்கெட்டில் 'ஹைஃப்ளெக்ஸ்' என்னும் ஒரு டன் எடையுள்ள கலம் சுமார் 110 கிலோமீட்டர் உயரத்துக்குப் போய், நொடிக்கு நான்கு கிலோமீட்டரை நெருங்கிய வேகத்தில் திரும்பியது. நம் 2016 சோதனையைவிட மிகக் கடுமையான பறப்பு அது. கலம் சூட்டைத் தாங்கிக் கடலில் இறங்கியும் விட்டது. ஆனால் மிதவையோடு அதைப் பிணைத்திருந்த கயிறு அறுந்ததால் மூழ்கிப்போனது. அதே ஆண்டு ஜூலையிலும் ஆகஸ்டிலும் ஆஸ்திரேலியாவின் வூமெரா பாலைவனத்தில் 'ஆல்ஃப்ளெக்ஸ்' என்னும் இன்னொரு சிறு கலத்தை ஹெலிகாப்டரில் தூக்கி, சுமார் 1,500 மீட்டர் உயரத்திலிருந்து விட்டு, பதின்மூன்று முறை தானாகவே ஓடுபாதையில் இறக்கினார்கள். இரண்டு பாதிகளும் கையில் இருந்தன. அவற்றை இணைத்து உருவாகவிருந்த 'ஹோப்-எக்ஸ்' மட்டும் பறக்கவே இல்லை. ஜப்பானின் எச்-2 ராக்கெட் 1998-இலும் 1999-இலும் அடுத்தடுத்துத் தோல்வி கண்டது. பணமும் மனமும் ராக்கெட்டைச் சரிசெய்யும் பக்கம் போயின. 2003-இல் திட்டம் கைவிடப்பட்டது. பதின்மூன்று பிழையற்ற தரையிறக்கங்களும் ஒரு விண்விமானத்தைத் தந்துவிடவில்லை. புஷ்பக்கைப் பற்றிப் பேசும் நம்மில் ஹோப்-எக்ஸ் கதையை நினைவுகூர்பவர்கள் மிகக் குறைவு என்பது எனக்குக் கவலையாக இருக்கிறது, ஏனென்றால் நாம் இன்று நிற்கும் இடம் அவர்கள் 1996-இன் முடிவில் நின்ற இடத்துக்கு மிக அருகில் இருக்கிறது.

சோவியத் ஒன்றியம் இரு பாதிகளையும் இணைத்தது, ஒரே ஒரு முறை. அவர்கள் சூட்டைச் சோதிக்கப் பயன்படுத்திய 'போர்-4' என்னும் சிறு கலம் 1982-இலும் 1983-இலும் சுற்றுப்பாதையிலிருந்து திரும்பி இந்தியப் பெருங்கடலில் இறங்கியது. மீட்புக் கப்பல்கள் அதைத் தூக்கும் காட்சியை ஆஸ்திரேலியக் கண்காணிப்பு விமானம் படமெடுத்தது. அந்தப் படங்களை வைத்து நாசாவின் லாங்லி மையம் அதே வடிவத்தை ஆராய்ந்து எச்.எல்-20 என்ற வடிவமைப்பை உருவாக்கியது. இன்றைய 'ட்ரீம் சேஸர்' சரக்கு விண்விமானம் அதன் வழிவந்தது. மறுபக்கம், புரான் என்னும் தங்கள் விண்விமானத்தின் முழு அளவிலான நகல் ஒன்றுக்கு ஜெட் எஞ்சின்களைப் பொருத்தி, சொந்த ஆற்றலில் ஓடுபாதையிலிருந்து கிளப்பி, 1985 முதல் 1988 வரை விமானிகளோடும் தானியங்கிக் கட்டுப்பாட்டோடும் திரும்பத் திரும்ப இறக்கிப் பழகினார்கள். இவ்வளவுக்கும் பிறகு 1988 நவம்பர் 15 அன்று பைக்கானூர் ஏவுதளத்திலிருந்து ஆளில்லாமல் புரான் கிளம்பியது.

அன்றைய வானிலை மோசம். இரண்டு சுற்றுகளை முடித்து, மூன்றரை மணி நேரத்துக்குள் திரும்பிவந்த புரான், ஓடுபாதையை நெருங்கும்போது கட்டுப்பாட்டு அறையில் பெரும்பாலோர் எதிர்பார்த்திருந்த பக்கத்தை விட்டுவிட்டு, பாதையைக் குறுக்காகக் கடந்து மறுபக்கமாக வளைந்தது. கணினி கெட்டுவிட்டது என்று அங்கே பலர் நினைத்ததாகச் சொல்வார்கள். உண்மையில், பலத்த காற்றையும் கலத்தில் மிஞ்சியிருந்த ஆற்றலையும் கணக்கிட்ட கணினி, அந்த மிச்ச ஆற்றலைச் செலவழிக்க நீண்ட வளைவைத் தேர்ந்தெடுத்திருந்தது. மணிக்கு 60 கிலோமீட்டர் அளவிலான பக்கக்காற்றில், ஓடுபாதையின் நடுக்கோட்டிலிருந்து சுமார் மூன்று மீட்டர் மட்டுமே விலகி அது நின்றது. எஞ்சின் இல்லாமல் இறங்கும் கலத்துக்கு இன்னொரு சுற்று வந்து பார்க்கும் வாய்ப்பு கிடையாது. உயரமும் வேகமும்தான் அதன் கையிருப்பு. கூடுதலாக இருந்தால் ஓடுபாதையைத் தாண்டிவிடும், குறைவாக இருந்தால் எட்டாமல் விழும். 1988-ஆம் ஆண்டின் கணினியை வைத்து அந்தக் கணக்கை அவ்வளவு துல்லியமாக முடித்ததை இன்றும் வியப்போடுதான் படிக்கிறேன். ஆனால் அந்தக் கலம் இரண்டாம் முறை பறக்கவில்லை. நாடு கலைந்தது, திட்டம் நின்றது, 2002 மே 12 அன்று பைக்கானூரில் கூடத்தின் கூரை இடிந்து விழுந்து புரான் நொறுங்கியது. கூரையில் வேலை செய்துகொண்டிருந்த எட்டுத் தொழிலாளர்களும் உயிரிழந்தார்கள். மீண்டும் பயன்படும் என்று கட்டப்பட்ட கலம், மீண்டும் பயன்பட்டது என்று சொல்ல வாய்ப்பில்லாமலே போயிற்று.

ஆகவே, விண்ணுக்குப் போய், வந்து, மீண்டும் போன ஆளில்லா விண்விமானம் எது என்று கேட்டால், விவரங்கள் ஓரளவேனும் வெளியே தெரிந்த ஒன்று அமெரிக்காவின் எக்ஸ்-37பி மட்டுமே. சீனாவும் 2020 முதல் 2024 வரை மூன்று முறை இப்படியொரு கலத்தை அனுப்பித் திரும்ப இறக்கியிருக்கிறது, இரண்டாம் முறை 276 நாட்கள், மூன்றாம் முறை 268 நாட்கள் சுற்றுப்பாதையில் வைத்திருந்தது. ஆனால் அதன் படத்தைக்கூட அந்நாடு வெளியிடவில்லை என்பதால் அதன் வடிவமைப்பைப் பற்றிப் பேச எதுவும் இல்லை.

எக்ஸ்-37 திட்டத்தை நாசா 1999-இல் போயிங் நிறுவனத்தோடு தொடங்கியது. 2004-இல் அது பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பாவுக்குக் கைமாறி, பிறகு விமானப் படையிடம் போனது. இவர்களும் முதலில் இறக்கத்தைத்தான் பழகினார்கள். எக்ஸ்-40ஏ என்னும் சற்றே சிறிய முன்மாதிரியை 1998-இல் பிளாக் ஹாக் ஹெலிகாப்டரிலிருந்தும், 2001-இல் கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸ் தளத்தில் சினூக் ஹெலிகாப்டரிலிருந்தும் விட்டுத் தானாக இறக்கினார்கள். சித்ரதுர்காவில் நம் விமானப் படை தூக்கிச் சென்றதும் சினூக் ஹெலிகாப்டரில்தான். உயரமும் ஏறக்குறைய அதே 15,000 அடி. அமெரிக்காவில் அந்தச் சோதனைக்கும் 2010 ஏப்ரல் 22 அன்று நடந்த முதல் விண்பயணத்துக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. அந்த ஒன்பது ஆண்டுகளில் என்ன செய்தார்கள் என்பதில்தான் நமக்கு வேண்டிய பாடம் இருக்கிறது.

ஆட்களை ஏற்றிச் சென்ற தங்கள் விண்வெளி ஓடத்தின் (ஸ்பேஸ் ஷட்டில்) குறைகளை ஒவ்வொன்றாக எடுத்து விலக்கினார்கள் என்று சொல்லலாம். அந்த ஓடம் எரிபொருள் தொட்டியின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு மேலே போனது. தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைக் காப்புத் துண்டு இறக்கையின் முன்விளிம்பை உடைத்ததால்தான் 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா என்னும் ஓடம் ஏழு பேரோடு சிதறியது. எக்ஸ்-37பி ராக்கெட்டின் உச்சியில், மூடிய கூட்டுக்குள் அமர்ந்து போகிறது. அதனால் மேலிருந்து எதுவும் அதன் மேல் விழ முடியாது. ஏறும்போது காற்று அதன் இறக்கைகளைத் தொடுவதும் இல்லை. ஓடத்தின் இறக்கை மடிப்புகளையும் சக்கரங்களையும் இயக்கிய ஹைட்ராலிக் எண்ணெய்க் குழாய்களும், அவற்றுக்கு விசை கொடுத்த நச்சு எரிபொருள் எந்திரங்களும் ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் பெரும் பராமரிப்பைக் கேட்டன. எக்ஸ்-37பியில் அவற்றின் இடத்தில் மின்விசை இயக்கிகள் வந்தன. மாதக்கணக்கில் வெற்றிடத்தில், வெயிலிலும் கடுங்குளிரிலும் மாறிமாறிக் கிடந்த பிறகு எண்ணெய்க் குழாயில் கசிவில்லை என்று உறுதி சொல்வதைவிட, மின்கம்பி வேலை செய்யும் என்று உறுதி சொல்வது எவ்வளவோ எளிது. மின்சாரத்துக்கு, சரக்கு அறையிலிருந்து விரியும் சூரியத் தகடும் லித்தியம் அயன் மின்கலங்களும் உண்டு. எரிபொருள் மின்கலங்களை நம்பியிருந்த ஓடத்தால் இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் தங்க முடிந்ததில்லை. எக்ஸ்-37பி தன் ஆறாவது பயணத்தில் 908 நாட்கள் மேலேயே இருந்தது.

வெப்பக் காப்பு ஓடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். விண்வெளி ஓடத்தில் 24,000-க்கும் மேற்பட்ட சிலிக்கா ஓடுகள் இருந்தன. ஒவ்வொன்றும் தனக்கென்ற வடிவம் கொண்டது, ஒவ்வொன்றையும் கையால் ஒட்டி, ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் கண்ணால் பார்த்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. 'மீண்டும் பயன்படும்' என்ற பெயருக்கு அந்த ஓடம் கொடுத்த விலையில் கணிசமான பங்கு அந்த ஓடுகளைப் பார்த்துக்கொண்ட மனித உழைப்பு. எக்ஸ்-37பியும் ஓடுகளைத்தான் பயன்படுத்துகிறது, ஆனால் மேற்பரப்பு எளிதில் சில்லு பெயராத, உறுதிப்படுத்தப்பட்ட வகை. இறக்கையின் முன்விளிம்பில், கொலம்பியா உடைந்த அதே இடத்தில், நாசாவின் ஏம்ஸ் மையம் உருவாக்கிய இரண்டடுக்கு ஓடு இருக்கிறது. வெளியே 1,600 டிகிரி செல்சியஸுக்கு மேலான சூட்டைத் தாங்கும் கார்பன் சார்ந்த தொப்பி. உள்ளே அந்தச் சூட்டை உடலுக்குக் கடத்தாத, எடை குறைந்த சிலிக்கா அடுக்கு. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டில், சூடாகும்போது வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு பொருட்களைப் பிளவுபடாமல் இணைத்துவைப்பதுதான் கடினம்.

இவ்வளவு செய்தும், 2010 டிசம்பர் 3 அன்று 224 நாட்களுக்குப் பிறகு வாண்டன்பர்க் தளத்தில் அது முதல்முறை இறங்கியபோது ஒரு டயர் வெடித்து, கலத்தின் அடிப்பகுதியில் சிறிய சேதம் ஏற்பட்டது. அதே கலம் 2012 டிசம்பர் 11 அன்று மீண்டும் ஏவப்பட்டது. இடையே இரண்டு ஆண்டுகள். 2025 மார்ச்சில் ஏழாவது பயணம் முடிந்தபோது, இரண்டே கலங்கள் சேர்ந்து 4,200 நாட்களுக்கு மேல் சுற்றுப்பாதையில் கழித்திருந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் எட்டாவது பயணம் தொடங்கியது. அதன் இராணுவப் பணிகளில் பலவற்றைப் பற்றி எதுவும் வெளியே சொல்லப்படுவதில்லை, அதை நான் ஊகிக்கவும் விரும்பவில்லை. வெளியே தெரிந்தவையே போதிய அளவு உள்ளன: ஏறத்தாழ நூறு வகைப் பொருட்களின் மாதிரிகளை விண்வெளியில் வெளிக்காட்டித் திரும்பக் கொண்டுவந்தது, மின்னூட்ட உந்துவிசைக் கருவியைச் சோதித்தது, விதைகளை நீண்ட காலக் கதிர்வீச்சில் வைத்துப் பார்த்தது, ஏழாவது பயணத்தில் நீள்வட்டப் பாதையிலிருந்து மேல் வளிமண்டலத்தை உரசி உரசியே எரிபொருள் மிச்சப்படுத்திப் பாதையைத் தாழ்த்தியது.

இனி சித்ரதுர்காவுக்குத் திரும்பலாம். 2023 ஏப்ரல் 2 அன்று நடந்த முதல் சோதனையின் விவரங்களில் எனக்கு மிகப் பிடித்தது ஒன்று உண்டு. கலத்தை விடுவிக்கும் முடிவை ஹெலிகாப்டரில் இருந்த மனிதர் எடுக்கவில்லை. கலத்தின் இடம், வேகம், உயரம், அது ஆடும் வீதம் ஆகியவை எல்லாம் முன்பே வகுத்துவைத்த வரம்புகளுக்குள் ஒருசேர வந்த நொடியில், புஷ்பக்கின் சொந்தக் கணினியே கட்டளை கொடுத்துத் தன்னை விடுவித்துக்கொண்டது. கயிற்றில் தொங்கும் இறக்கைக் கலம் காற்றில் ஆடும், முறுக்கும். அந்த ஆட்டத்துக்கிடையே சரியான கணத்தைக் கண்டுபிடிப்பது மனிதக் கையை விடக் கணினிக்குத்தான் ஏற்ற வேலை. விடுபட்ட பிறகு ஓடுபாதைக்கு இருந்த தூரம் நாலரைக் கிலோமீட்டர் அளவுதான். பயணிகள் விமானம் ஏறத்தாழ மூன்று டிகிரிச் சரிவில் ஓடுபாதையை நோக்கி வரும். இந்தக் கலமோ உயரமும் தூரமும் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும் நிலையிலிருந்து, மூக்கைக் கீழே குத்தி வேகம் பிடித்து, கடைசியில் மூக்கைத் தூக்கிச் சமன்படுத்தி இறங்க வேண்டும். சூட்டைத் தாங்குவதற்காகக் குட்டையாகவும் தடிமனாகவும் வடிவமைத்த இறக்கைகள் குறைந்த வேகத்தில் போதிய தூக்குவிசையைத் தருவதில்லை. அதனால்தான் மணிக்கு 320 கிலோமீட்டர் என்ற வேகம். பயணிகள் விமானம் 260, போர் விமானம் 280 என்று இஸ்ரோவே ஒப்பிட்டுச் சொல்லியிருக்கிறது.

இரண்டாம் சோதனையில் கலத்தை ஓடுபாதையின் நேர்கோட்டிலிருந்து 150 மீட்டர் விலக்கி விட்டார்கள். மூன்றாவதில் 500 மீட்டர் விலக்கி, கடுமையான காற்றிலும் விட்டார்கள். விலகலைத் தானே உணர்ந்து, தானே திருத்திக்கொண்டு நடுக்கோட்டுக்கு வந்தது. தரையைத் தொட்டதும் பிரேக் பாராசூட் வேகத்தை மணிக்கு 100 கிலோமீட்டர் அளவுக்குக் குறைத்தது, அதன் பின்பே சக்கர பிரேக்குகள் பிடித்தன. முதல் சோதனைக்கும் இரண்டாவதற்கும் நடுவே, அதே உடலின் சட்டகத்தையும் தரையிறங்கு சக்கரக் கால்களையும் வலுப்படுத்த வேண்டியிருந்தது. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஒரு கலம் முதிர்ச்சி அடைவதை இந்த வேறுபாட்டில் காண்கிறேன்.

அடுத்து வர வேண்டியது சுற்றுப்பாதையிலிருந்து திரும்பும் சோதனை. இப்போதையதைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு பெரிய கலம், மாற்றியமைத்த ஜி.எஸ்.எல்.வி ராக்கெட்டில் மேலே போகும் என்று இஸ்ரோ சொல்லியிருக்கிறது. அங்கேதான் இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று சந்திக்கப் போகின்றன; சந்திக்கும் இடத்தில்தான் உரசலும் இருக்கும். ஓர் எடுத்துக்காட்டு போதும். சக்கரங்கள் வெளியே வருவதற்குக் கலத்தின் வயிற்றில் கதவு வேண்டும். அந்த வயிறுதான் கடுஞ்சூட்டை எதிர்கொள்ளும் பக்கம். ஆக, வெப்பக் காப்பின் நடுவே இடைவெளி வெட்டி, அந்த இடைவெளி வழியாகச் சூடான வாயு உள்ளே புகாமல் அடைத்து, அதே அடைப்பு சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளாமல், நாள்கணக்கில் உறைந்தும் சிக்கிக்கொள்ளாமல், இறங்குவதற்குச் சில நொடிகளுக்கு முன் ஒரே முயற்சியில் திறக்க வேண்டும். விண்ணுக்கே போகாத நிலையிலும் இது பிசகும் என்பதற்கு ட்ரீம் சேஸர் சாட்சி: 2013 அக்டோபரில் எட்வர்ட்ஸில் நடந்த அதன் முதல் சறுக்குப் பறப்பில் எல்லாம் ஒழுங்காக நடந்து, கடைசியில் இடப்பக்கச் சக்கரம் மட்டும் சரியாக வெளிவராததால் கலம் ஓடுபாதையிலிருந்து சறுக்கி விலகியது.

இறக்கையே வேண்டுமா என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நியாயமான கேள்வி. 2016-இல் இஸ்ரோ சொன்ன நோக்கம், இந்தக் கலத்தைப் பெரிதாக்கி இரண்டடுக்கு ராக்கெட்டின் மீண்டும் பயன்படும் முதல் அடுக்காக ஆக்குவது. அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்பே, 2015 டிசம்பர் 21 அன்று, அமெரிக்காவின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட்டின் முதல் அடுக்கு இறக்கையில்லாமல், எஞ்சினை எரித்துச் செங்குத்தாக இறங்கிவிட்டது. முதல் அடுக்கைப் பொறுத்தவரை அந்த வாதம் முடிந்துவிட்டது என்றே நான் கருதுகிறேன். இந்தியாவும் 2024 செப்டம்பரில் ஒப்புதல் பெற்ற அடுத்த தலைமுறை ஏவுகலத்தின் முதல் அடுக்கை அந்த வழியில்தான் மீட்கப்போகிறது. இறக்கையும் சக்கரமும் ஓடுகளும் மேலே போகும்போது வெறும் சுமை. ஏறத்தாழ ஐந்து டன் எடையுள்ள எக்ஸ்-37பியின் சரக்கு அறை வெறும் 2.1 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும்தான் என்பதைப் பார்த்தால், மலிவாகச் சரக்கு ஏற்ற இது வழியல்ல என்பது விளங்கும்.

ஆனால் மேலே இருக்கும் ஒன்றைக் கீழே கொண்டுவருவதற்கு இறக்கையைப் போல் வேறொன்று இல்லை. பாராசூட்டில் விழும் கூண்டு தன் உள்ளே இருப்பதைப் பல மடங்கு விசையில் அழுத்திவிட்டு, பெரும்பாலும் உப்புநீரில் நனைந்து, கப்பலுக்குக் காத்திருக்கும். இறக்கைக் கலம் மென்மையாக வேகம் குறைந்து, நாம் சொன்ன ஓடுபாதையில், நாம் சொன்ன நேரத்தில் நிற்கும். சில மணி நேரத்திலேயே சோதனைப் பொருட்கள் ஆய்வகத்துக்குப் போய்ச் சேரும். இந்தியா தனக்கென்று விண்வெளி நிலையம் அமைக்கத் திட்டமிட்டிருக்கும் இந்தக் காலத்தில், அங்கிருந்து மருந்துப் படிகங்களையும் உயிரியல் மாதிரிகளையும் பழுதான கருவிகளையும் கொண்டுவர ஒரு கலம் வேண்டும். புஷ்பக்கின் எதிர்காலம் அந்த வேலையில் இருக்கிறது என்று நம்புகிறேன், அதற்காகவே அந்தத் திட்டம் ஹோப்-எக்ஸ் போல நடுவழியில் நின்றுவிடக் கூடாது என்றும் விரும்புகிறேன்.

சுற்றுப்பாதைக் கலம் திரும்பி வந்து நிற்கும் நாளில் வெளியாகும் படங்களைவிட, அதற்குச் சில மாதங்கள் கழித்து வரவேண்டிய விவரங்களுக்காகத்தான் நான் காத்திருப்பேன். எத்தனை ஓடுகளை மாற்ற வேண்டியிருந்தது, ஓடுகளுக்கிடையே உள்ள இடைவெளிகளில் சூடு எவ்வளவு ஆழம் இறங்கியிருந்தது, சக்கரக் கதவின் விளிம்புகள் எப்படி இருந்தன, இயக்கிகளும் மின்கலங்களும் அடுத்த பயணத்துக்கு அப்படியே தகுதி பெற்றனவா, அதே உடல் மறுபடியும் ராக்கெட்டின் உச்சிக்குப் போக எத்தனை மாதங்கள் ஆயின என்ற கணக்குகளை இஸ்ரோ வெளியிட வேண்டும். புஷ்பக்கின் மூன்றாம் தரையிறங்கு சோதனையான லெக்ஸ்-03 பற்றிய அறிக்கையில் அந்த ஒரு வரியைச் சேர்த்தவர்களுக்கு இந்தக் கணக்கின் மதிப்பு தெரியாமல் இருக்காது.